வேதியியல் கல்வியில் பிஎச்டி: மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எம்எஸ்சி வேதியியல் முடித்து, சில ஆண்டுகள் ஜூனியர் காலேஜில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) பாடம் நடத்திவிட்டு, அப்புறம் வேதியியல் கல்வியில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். பலரும் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். விண்ணப்பத் தேதி, கட்டணம் இரண்டும் வருடா வருடம் மாறும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

மாட்டுங்கா, எம்எஸ்சி மாணவி: வேதியியல் கல்வியில் பிஎச்டி என்றால் பி.எட்., எம்.எட். வரிசையில் அடுத்த படிப்பா? ஆசிரியர் பயிற்சி மாதிரியா இருக்கும்?

இல்லை. பி.எட். உங்களைப் பாடம் நடத்தத் தயார் செய்கிறது. இங்கே பாடம் நடக்கும்போது மாணவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்று சொல்லும் பிஎஸ்சி மாணவர்கள் இருக்கிறார்கள். நீராவி என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தேர்வில் சரியாகவும் எழுதுவார்கள். படம் வரையச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்கு ஒரு விளக்கம் தந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன். 1991-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு முக்கோணம் வரும். கண்ணால் பார்ப்பது ஒரு முனை, அணு மூலக்கூறு அளவில் நடப்பது இன்னொன்று, சூத்திரமும் சமன்பாடும் மூன்றாவது. ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்று முனைக்கும் தாவிவிடுவார், அவருக்கு அது பழக்கம். புதிதாகப் படிக்கும் பிள்ளையின் நினைவில் அவ்வளவுக்கு ஒரே நேரத்தில் இடம் இருக்காது. இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் அந்த முக்கோணம் ஏதோ ஒரு வடிவில் எட்டிப் பார்க்கும்.

அந்தேரி, கோச்சிங் ஆசிரியர்: என் ஜேஇஇ மாணவர்கள் வாயு விதிக் கணக்கை அரை நிமிடத்தில் போடுகிறார்கள். அவர்களிடம் ஆராய என்ன இருக்கிறது?

நீங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் சார்.

1987-இல் நர்ரன்பெர்ன், பிக்கரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். கணக்குப் போடத் தெரிந்த கல்லூரி மாணவர்களிடம் அதே பாடத்தில் கணக்கில்லாத கேள்வி கேட்டார்கள். ஒரு எஃகுக் கலனில் 20 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது. அதை மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் கலனுக்குள் எப்படிப் பரவியிருக்கும்? படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹைட்ரஜன் அந்த வெப்பநிலையிலும் வாயுதான், ஆகவே கலன் முழுக்கத்தான் பரவியிருக்கும். கணக்கில் தேறியவர்களில் பலர் இதில் தடுமாறினார்கள். கணக்குப் போட வருவதும் கருத்து புரிவதும் வேறு வேறு என்று அதன்பின் நிறையப் பேர் ஆராயத் தொடங்கினார்கள்.

உங்கள் வகுப்பில் நாளைக்கே கேட்டுப் பாருங்கள். தவறாகச் சொல்பவரைத் திருத்தாமல், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டு, பதிலை அப்படியே எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு உங்களை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தால் இந்தத் துறை உங்களுக்குச் சரிப்படும். சலிப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், கோச்சிங்கில் வருமானம் அதிகம்.

செம்பூர், பிஎஸ்சி கடைசி ஆண்டு: மும்பையிலேயே செய்ய முடியுமா அக்கா? புனே, டெல்லி என்றால் வீட்டில் விடமாட்டார்கள்.

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தம்பி. ஹார்பர் லைனில் மான்குர்டில் இறங்கினால் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். 1974-இல் தொடங்கியது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பிரிவு. அறிவியல் கல்வியில் பிஎச்டி தருகிறார்கள், எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. அறிவியல் ஒலிம்பியாட்டுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருவதும் இவர்கள்தான். 2001-இல் சர்வதேச வேதியியல் ஒலிம்பியாட் மும்பையில் நடந்தபோது பொறுப்பேற்றதும் இந்த மையமே. இப்போதே அங்கே நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போய் உட்கார், கேள்வி கேள்.

பவாயில் ஐஐடி மும்பை கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்டி தருகிறது. மெய்நிகர் ஆய்வகம், கணினி வழிக் கற்றல் என்று உன் ஆர்வம் போனால் அந்தப் பக்கம் பார். தேவ்னாரில் டிஸ் எனும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் மும்பைப் பல்கலைக்கழகக் கல்வித் துறையிலும் செய்யலாம், ஆனால் அங்கே வேதியியல் தெரிந்த நெறியாளர் (ஆய்வு வழிகாட்டி) கிடைப்பாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கல்லூரிப் பெயரைவிட நெறியாளர்தான் முக்கியம். அவர் கடைசியாக எழுதிய மூன்று நான்கு கட்டுரைகளைப் படிக்காமல் மின்னஞ்சல் அனுப்பாதே.

முலுண்ட்: எம்எஸ்சியில் 52 சதவீதம்தான். வாய்ப்பு உண்டா?

யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் அல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நான்கு ஆண்டு இளநிலை முடித்தவர்கள் 75 சதவீதம் வைத்திருந்தால் எம்எஸ்சி இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையதா மகாராஷ்டிராவுடையதா என்பது நம் ஆட்களுக்குத் தீராத தலைவலி. சேர நினைக்கும் நிறுவனத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டோம்பிவிலி, மூன்று பேர் கேட்டது: நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதும்போது கல்வி பாடத்தை எடுப்பதா, வேதி அறிவியலையா? பிறகு வேலை எங்கே கிடைக்கும்?

இரண்டும் ஒரே கேள்விதான். எந்த வேலை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தேர்வு அதன் பின்னால் வரும்.

கல்லூரி வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியராக வேண்டுமா? வேதி அறிவியலில் சிஎஸ்ஐஆர் நெட் அல்லது மகாராஷ்டிராவின் செட் (மாநிலத் தகுதித் தேர்வு) கையில் இருக்கட்டும். உங்கள் பிஎச்டி சான்றிதழில் அறிவியல் கல்வி என்று இருந்தால், தேர்வுக் குழுவில் யாராவது ஒருவர் "இது வேதியியல் பிஎச்டியா?" என்று கட்டாயம் கேட்பார். அப்போது நெட் சான்றிதழ்தான் பேசும். பி.எட். கல்லூரியில் பணி வேண்டுமென்றால் எம்எஸ்சியோடு எம்.எட்.டும் தேவைப்படும். பிஎச்டி முடித்தபிறகு எம்.எட். சேர்ந்து வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். பாடநூல் தயாரிப்பு, தொண்டு நிறுவனங்கள், ஒலிம்பியாட் பயிற்சி, கற்றல் செயலி நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. அங்கே பட்டத்தைவிட நீங்கள் உருவாக்கிய பாடப்பொருளைத்தான் கேட்பார்கள்.

2024 முதல் யுஜிசி நெட் மதிப்பெண்ணைப் பிஎச்டி சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்குத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. டோம்பிவிலியில் பெற்றோருடன் இருந்தால் தாராளம். பவாயில் தனியாக வீடு எடுத்தால் மாதக் கடைசி கடிக்கும்.

தாராவி, பள்ளி ஆசிரியை: வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்யலாமா? என் பள்ளித் தமிழ்வழி மாணவர்களின் வேதியியல் புரிதல் என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

பகுதி நேரம் செய்யலாம், பள்ளி நிர்வாகத்திடம் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்க வேண்டும். தொலைநிலையிலோ இணைய வழியிலோ பிஎச்டி என்று யாராவது பணம் கேட்டால் தராதீர்கள், யுஜிசி அதை ஏற்பதில்லை. பாடநெறி வகுப்புக்கு, குறைந்தது 12 கிரெடிட், நேரில் போயாக வேண்டும்.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன் டீச்சர், ஏனென்றால் உங்களிடம் இருப்பது மும்பையில் வேறு யாரிடமும் எளிதில் கிடைக்காத களம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, பத்தாவது முடித்ததும் ஆங்கில ஜூனியர் காலேஜ் என்று வளரும் பிள்ளைகள். ஆனால் நீங்கள் வைத்திருக்கும் தலைப்பு ஒரு ஆள் ஒரு ஆயுளில் முடிக்க முடியாதது. சுருக்குங்கள். உதாரணமாக, சர்க்கரை கரைவதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் துகள் அளவில் எப்படி வரைகிறார்கள், அதே பிள்ளைகள் ஆங்கில வழிக்குப் போய் ஓராண்டு ஆனபின் எப்படி வரைகிறார்கள்? இது ஒரு ஆய்வு. பிள்ளைக்கு மொழி தடையா, கருத்து தடையா என்று பிரித்துப் பார்க்க இதில் வழி இருக்கிறது. சர்க்கரை மறைந்துவிட்டது என்று ஒரு பிள்ளை எழுதினால், வேதியியல் புரியவில்லையா, வேறு சொல் கிடைக்கவில்லையா என்று எழுத்தை வைத்து மட்டும் சொல்லவே முடியாது. படம் கேளுங்கள், உட்கார வைத்துப் பேசுங்கள். ஈரடுக்குக் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு, முதல் அடுக்கில் விடை, இரண்டாவதில் அதற்கான காரணம். ஆஸ்திரேலியாவின் டேவிட் ட்ரீகஸ்ட் இதைப் பரவலாக்கியவர். அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் 18 வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம், பள்ளி அனுமதி, உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழு அனுமதி, எல்லாம் வேண்டும். மாநகராட்சிப் பள்ளி என்றால் கல்வித் துறையின் எழுத்து அனுமதியும். உங்களிடமே படிக்கும் பிள்ளை உங்களிடம் "முடியாது" என்று சொல்லுமா என்று குழு கேட்கும். நியாயமான கேள்வி. நேர்காணலை வேறொருவரைக் கொண்டு எடுப்பது நல்லது. அப்புறம், ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தில் ஏற்ற நான்கைந்து மணி நேரம் ஆகும். பகுதி நேர ஆய்வாளர்கள் களைத்துப்போவது இந்த இடத்தில்தான்.

காட்கோபர், இல்லத்தரசி, எம்எஸ்சி: வயது 41, பத்து வருட இடைவெளி. கிண்டல் செய்யாமல் சொல்லுங்கள்.

கிண்டலுக்கு என்ன இருக்கிறது? பிஎச்டி சேர யுஜிசி விதியில் வயது வரம்பு கிடையாது. ஜேஆர்எஃப்புக்குத்தான் உண்டு, யுஜிசி நெட்டில் பொதுப் பிரிவுக்கு 30, பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வு. ஆக உதவித்தொகை இல்லாமல் குடும்பம் தாங்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, பெண்களுக்கு அதற்கு மேல் 2 ஆண்டு நீட்டிப்பு உண்டு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை நேர்காணலில் மறைக்காதீர்கள்.

சயான்: கட்டுரை வெளியிட 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி நடத்தும் வேதியியல் கல்வி ஆய்விதழ் வாசகரிடமும் பணம் வாங்குவதில்லை, எழுதுபவரிடமும் வாங்குவதில்லை. துறையின் முதல்தர இதழ்களில் அது ஒன்று. மேலும், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தாங்களாக வைத்திருக்கின்றன, விசாரியுங்கள்.

வாஷி: அமெரிக்கா போனால்?

பர்டியூ பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் வேதியியல் துறைக்குள்ளேயே வேதியியல் கல்விப் பிரிவு இருக்கிறது. கரிம, பௌதிக வேதியியல் பாடங்களை மற்ற பிஎச்டி மாணவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டும், ஆய்வக வகுப்பு நடத்தினால் உதவித்தொகையும் கட்டண விலக்கும் கிடைக்கும். சான்றிதழில் வேதியியல் என்றே வருவது இங்கே திரும்பி வருபவர்களுக்கு லாபம்.

கோவண்டி: நேர்காணலில் என்ன கேட்பார்கள்? கல்விக் கோட்பாடுகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

மனப்பாடத்தை நிறுத்திவிட்டு பதினொன்றாம் வகுப்பு வேதியியலைத் திரும்பப் படியுங்கள். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுமா என்று கேட்டால் எம்எஸ்சி முடித்தவர்களே உடல் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை நினைத்துக்கொண்டு ஆமாம் என்கிறார்கள். உடைக்க எப்போதும் ஆற்றல் கொடுக்கத்தான் வேண்டும். புதுப் பிணைப்புகள் உருவாகும்போதுதான் ஆற்றல் வெளியே வரும். சாப்பாட்டு உப்பில் சோடியம் குளோரைடு மூலக்கூறு எங்கே என்று கேட்டால், அப்படித் தனித்தனி ஜோடிகள் இல்லை, ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் மற்ற வகை அயனிகள் ஆறு என்று சொல்லத் தெரிய வேண்டும். சொல்லிவிட்டு, ஒரு மாணவர் இதைத் தவறாகப் புரிந்துகொள்ள எந்தப் பாடப்புத்தகப் படம் காரணமாக இருக்கும் என்றும் யோசித்து வையுங்கள். அடுத்த கேள்வி அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.