சரிவில் பழைய உத்தரம்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் பாறையும் மண்ணும் கலந்த ஒரு சரிவு நிலம் வாங்கியிருக்கிறோம். இடிக்கும் வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம், செங்கல் என்று சேர்த்து வருகிறோம். பொக்லைன் விட்டு நிலத்தைச் சமப்படுத்தி, தடுப்புச் சுவர் எழுப்பி, எல்லாம் புதிதாகக் கட்டிவிடலாம் என்கிறார் பொறியாளர். சரிவுக்குப் பழைய பொருள் ஒத்துவராதாம். ஆசையை விட்டுவிடத்தான் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விட வேண்டாம். ஆனால் பொறியாளர் சொல்வதில் ஒரு பாதி சரி. அஸ்திவாரம், தூண், தடுப்புச் சுவர், அவற்றுக்குள் போகும் கம்பி எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். இடித்த கான்கிரீட்டின் கம்பியை நிமிர்த்திப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வளைத்து நிமிர்த்திய கம்பிக்குள் எங்கே விரிசல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சமப்படுத்துவதைத்தான் நான் ஏற்கவில்லை. மேற்புறத்தை வெட்டிக் கீழ்ப்புறம் நிரப்பினால் வீட்டின் ஒரு பாதி கெட்டி நிலத்திலும் மறு பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் பின்னால் அமுங்கும், சுவர் பிளக்கும். தடுப்புச் சுவருக்கோ மண்ணைவிட நீர்தான் பெரிய எதிரி. 2 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் முழுக்க நீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்த நீர் மட்டுமே சுமார் 2 டன் விசையோடு தள்ளும். 3 மீட்டர் உயரம் என்றால் 4.5 டன். எனவே சுவர் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. பின்னால் சரளையும் துளையிட்ட குழாயும், சுவரில் நீர் வடியும் துளைகளும் கட்டாயம் வேண்டும்.

உங்கள் உத்தரங்கள் உதவுவது இங்கேதான். பழைய உத்தரத்தின் முனைகள் சுவருக்குள் ஈரம் குடித்து உளுத்திருக்கும். கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கும் பகுதி முழுவதையும் வெட்டி எறியுங்கள். 4 மீட்டர் உத்தரத்தில் மூன்றரை மீட்டர்தான் மிஞ்சலாம். அதனால் அறைகள் ஒடுக்கமாகும், ஒடுக்கமான வீட்டைத்தான் சரிவும் கேட்கிறது. 3 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் நிலத்தில் 9 மீட்டர் அகல வீட்டுக்கு முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் 3 மீட்டர் உயர வித்தியாசம் வரும். 3.6 மீட்டர் அகலத்துக்கு 1.2 மீட்டர்தான். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓடும் கோட்டை ஒட்டி, அறைக்குப் பின் அறையாக நீட்டுங்கள். மட்டம் மாறும் இடத்தில் இரண்டு படி வையுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் தமக்கென்று கட்டிய வீடும் செங்குத்தான பாறைச் சரிவில்தான் இருக்கிறது. நிலத்தை அவர் தட்டையாக்கவில்லை, பிறர் கழித்த பொருள்களையும் தாராளமாகப் பயன்படுத்தினார்.

ஆக, வரைபடத்துக்கு முன்னால் பட்டியல். ஒவ்வொரு உத்தரத்தின் நல்ல நீளம், ஒவ்வொரு ஜன்னல் நிலையின் அகலம் உயரம் எல்லாம் எழுதிப் பொறியாளர் கையில் கொடுங்கள். அவர் கணக்குப் போடட்டும். இருக்கும் ஜன்னலுக்குத் தக்க லிண்டல் (ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டம்) வைப்பது எளிது. கட்டிய பிறகு ஜன்னலைச் செதுக்கிப் பொருத்துவது பாழ்.

செங்கல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பு தட்டினால் உதிரும், சிமெண்ட் கல்லையும் சேர்த்து உடைக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இலவசம் என்றாலும் வேண்டாம். ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கலாம், அவை வீட்டுக்குள் வரக் கூடாது.

முடிந்தால் ஒரு மழைக்காலம் பொறுங்கள். கொட்டும் மழையில் நீர் எந்த வழி இறங்குகிறது, எங்கே ஊற்று கசிகிறது என்று முளை அடித்துக் குறியுங்கள். அந்த வழியில் அறை வேண்டாம். கழிவுநீர் உறிஞ்சுகுழி வீட்டுக்கு மேற்புறத்திலோ தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ வரவே கூடாது. நிலத்தில் பல மரங்கள் அடியில் மட்டும் ஒரே பக்கம் வளைந்து நின்றால் மண் மெல்ல நகர்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படி இருந்தால் மண் பரிசோதனை முடியும்வரை ஒரு கல்கூட வைக்காதீர்கள்.