அப்பாவின் பழைய .22 ரைஃபிளுக்கு உதிரிபாகம் எங்கே தேடுவது?

சத்தியமங்கலம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வாசகியின் கேள்வி இது: "அப்பாவின் செக் நாட்டு பிர்னோ மாடல் 2 ரைஃபிள் இப்போது என் பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. சுட்டபின் தோட்டாவின் காலிக் கூடு வெளியே வருவதில்லை. தோட்டா நிரப்பும் மேகசினும் தொலைந்துவிட்டது. கம்பெனி பார்ட்ஸ் இனி கிடைக்காது, லேத்தில் செய்து தருகிறேன் என்று ஒருவர் ரைஃபிளைக் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

முதலில், காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் நிஜமாகவே போய்விட்டதா? ரைஃபிளில் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேரலின் பின்வாயை மூடும் போல்ட்டை வெளியே எடுத்து அதன் கொக்கிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். .22 தோட்டாவின் ஈயத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். அது கரியோடு சேர்ந்து வருடக்கணக்கில் அடை அடையாக இறுகியிருக்கும். கொக்கி அசைய இடமில்லாவிட்டால் கூட்டை எப்படிப் பிடிக்கும்? என்னிடம் "பார்ட்ஸ் போச்சு" என்று வருகிற பல ரைஃபிள்கள் பிரஷ்ஷும் எண்ணெயும் பட்டதும் சரியாகிவிடுகின்றன. அதற்கும் சரியாகாவிட்டால் பேரலின் பின்வாயைப் பாருங்கள். தோட்டா இல்லாமலே ட்ரிகரை அழுத்தி விளையாடிய துப்பாக்கிகளில், தோட்டாவை அடிக்கும் ஊசி பட்டு விளிம்பில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். கூடு சிக்குவது அங்கேதான். புதுப் பாகம் மாட்டி அது சரியாகாது. அந்த விளிம்பைச் சமப்படுத்துவது துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்தின் வேலை.

லேத் வேலை ஏன் வேண்டாம்? இந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து பின்புற விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. அந்த விளிம்பின் கனம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். லேத்தில் செய்த ஊசி ஒரு மயிரிழை நீண்டால் பேரலைக் கொத்தும். முனை கூராக இருந்தால் பித்தளையைக் கிழிக்கும், சூடான வாயு உங்கள் முகத்துக்கு வரும்.

உங்களுக்கு நல்ல செய்தி மேகசின்தான். பிர்னோவின் அதே வழியில் வந்த ரைஃபிள்தான் சி.இஸட். 452, அதன் மேகசின் உங்கள் ரைஃபிளில் பொருந்தும். போல்ட் பாகங்களில் அவ்வளவு நம்பிக்கை வைக்காதீர்கள், வருடத்துக்கு வருடம் மாற்றம் உண்டு. செக் நாட்டுச் சோதனை முத்திரைக்குப் பக்கத்தில் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் பொறித்திருக்கும். அதைப் படமெடுத்து டீலரிடம் காட்டிக் கேளுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் நீங்களே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பாகமும் ஆயுதம்தான், இறக்குமதிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். நகத்தளவு எக்ஸ்ட்ராக்டருக்கும் முழு ரைஃபிளுக்கும் ஒரே வாசல்! ஒழுங்காக லைசென்ஸ் வைத்திருப்பவரை இப்படி அலையவிட்டால் அவர் தரகரிடம் போகாமல் வேறு எங்கே போவார்? வயிறு எரிகிறது.

அடுத்து அந்த லேத் ஆள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: "இது ஆன்டிக் மேடம், லைசென்ஸே தேவையில்லை, ரின்யூவலை விடுங்க." இதை நம்பி மாட்டியவர்கள் உண்டு, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். சட்டத்தின் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது, உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாததாக இருந்தால்தான் அந்த விலக்கு. பழுது பார்த்தாலும்கூட! உங்களுடையது ஒரு கொக்கி மாற்றினால் சுடும், தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. தாத்தா காலத்தது என்பதோ, பத்து வருடம் பெட்டியில் கிடந்தது என்பதோ கணக்கில் வராது. லைசென்ஸை ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள்.

லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் குற்றம், வைத்திருக்கத் தகுதியுள்ளவரா என்று உறுதிசெய்யாமல் ஒருவர் கையில் கொடுப்பதும் குற்றம். நல்ல போல்ட்டை உருவிக்கொண்டு வேறொன்றை மாட்டித் திருப்பித் தரும் தரகர்களையும் பார்த்திருக்கிறேன். பேரலில் உள்ள எண்ணை மட்டும் பார்க்கும் வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள டீலரிடம் நீங்களே லைசென்ஸ் புத்தகத்தோடு கொண்டுபோங்கள். போல்ட்டைத் தனியாகவும் படமெடுத்து வையுங்கள். ரைஃபிளின் எண் எழுதிய ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். திரும்பி வாங்கும்போது காலிக் கூடு வெளியே விழுவதை அவர்கள் சோதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய எக்ஸ்ட்ராக்டரையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை பாகம் தேடும்போது அதுதான் உங்கள் மாதிரி.