பவுடர் டப்பாவும் கிளினிக் புத்தகமும்

கேள்வி (பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்): அக்கா, என் மகனுக்கு 20 மாதம். ‘அம்மா’, பூனையைப் பார்த்தால் ‘பூ’, இந்த இரண்டு வார்த்தைதான். மாமியார் வசம்பு உரசி நாக்கில் தடவச் சொல்கிறார், “உன் புருஷனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்கிறார். நாத்தனாரோ தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார். டிக்டாக்கில் ஒருத்தர் மூளை வளர்ச்சிப் பவுடர் விற்கிறார், டப்பா 189 ரிங்கிட். யாரை நம்புவது?

பதில்: பவுடர்காரரை முதலில் விடுங்கள் தங்கச்சி. பயமுறுத்துகிறவரே மருந்தும் விற்றால் அது வியாபாரம். வசம்பும் வேண்டாம், பிள்ளைக்கு வாந்திதான் வரும்.

ஊசி போடப் போகும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு போவீர்களே கிளினிக் புத்தகம், அதை எடுங்கள். நாம் ஊசித் தேதியைத்தான் பார்க்கிறோம், எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 18 மாதத்தில் அரசாங்கக் கிளினிக்கில் எம்-சாட் என்று, ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் ஆம், இல்லை கேள்வித்தாள் ஒன்று தருவார்கள், மூன்று வயதில் மறுபடியும். வரிசையில் நின்ற அலுப்பில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்துக் கொடுத்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. நீங்கள் அதே கேள்விகளை வீட்டில் நிதானமாகப் பாருங்கள்: மேலே விமானம் போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வெறும் கோப்பையை வாயில் வைத்து தே தண்ணி குடிக்கிற மாதிரி விளையாடுகிறானா? இதில் இல்லை என்று வந்தாலும் அது நோய் என்று அர்த்தமில்லை, இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளினிக்கில் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கதவு சாத்துகிற சத்தத்துக்குத் திரும்புகிறான் என்று விட்டுவிடாதீர்கள், பெரிய சத்தம் கேட்டாலும் மெல்லிய பேச்சு சரியாகக் கேட்காத பிள்ளைகளும் உண்டு.

நாத்தனார் சொல்வது தவறு. இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை, உங்களுக்கு வாயில் வருகிற தமிழிலேயே நாள் முழுக்கப் பேசுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. தாமதமாகப் பேசி அப்புறம் சரியாகிவிடும் பிள்ளைகள் நிறைய. ஆனால் உங்கள் பையன் அந்தக் கூட்டமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொன்று, அவர் பிள்ளைகள், தோட்டத்தில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளையை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையில் பத்திருபது பிள்ளைகளோடு கத்தி வளர்ந்திருப்பார்கள். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பிள்ளைக்குத் துணை கைப்பேசிதானே? 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது.

இரண்டு வயதில் ‘பால் வேணும்’ மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை பார்க்கலாம் என்று உட்காராமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். அங்கே போனால் மிஸ்ஸியை (நர்ஸை) பார்த்ததும் பையன் உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான், அதனால் வீட்டில் விளையாடும்போது இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.