பிடிஎஃப்பை அப்படியே விற்க வேண்டாம்

உங்கள் பதிப்பகத்தின் பழைய நூல்களின் அச்சு பிடிஎஃப்பை அப்படியே மின்னூலாக விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. கைபேசியில் எழுத்து பொடியாகத் தெரியும். வாசகர் பாதியிலேயே மூடிவிடுவார். பக்க வடிவமைப்புக் கோப்பிலிருந்து இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவக் கோப்பை எடுங்கள். அதில் வரிகள் திரையின் அகலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. 'நூல் வடிவில்' வெளியிடும் உரிமை மட்டும் எழுதியிருந்தால், மின்னூல் உரிமை எழுத்தாளரிடமே இருக்கலாம். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம், தன் எழுத்தாளர்கள் சிலரின் நூல்களை மின்னூலாக வெளியிட்ட ரொசெட்டா புக்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2001-இல் நியூயார்க் நீதிமன்றம் இந்தக் காரணத்தால்தான் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. எழுத்தாளர்களிடம் பேசி, மின்னூலுக்கான உரிமைத்தொகையைக் குறிப்பிட்டுப் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், மின்னூலுக்குத் தனி ஐஎஸ்பிஎன் (நூலுக்கான அடையாள எண்) வேண்டும். அச்சு நூலின் எண்ணையே போட்டுவிடாதீர்கள்.