குடல் கிருமியும் அம்மாவின் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 47 வயது. சிவதாபுரத்தில் வீட்டிலேயே கொலுசு வேலை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது; குறடு பிடிக்க முடியவில்லை. ரத்தத்தில் ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்புப் புரதம் பாசிட்டிவ், முடக்குவாதத்தின் ஆரம்பம் என்று டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்தார். அதற்குள் மாமா ஒரு வீடியோவைக் காட்டி, 'நோய் குடலில் இருக்கிறது, ப்ரீவோட்டெல்லா என்ற கிருமிதான் காரணம், புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) கேப்சூலும் பழைய சோறும் போதும்' என்றார். அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். மாமா சொல்வது உண்மையா?

ர., சேலம்

அன்புள்ள ர.,

முதலில் டாக்டருக்குப் போன் செய்து, மாத்திரை நின்றுபோனதைச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

மாமா கதை கட்டவில்லை. 2013-இல் நியூயார்க்கில் ஹோசே ஷேர் குழுவினர், முடக்குவாதம் புதிதாக வந்து இன்னும் மருந்து தொடங்காத 44 பேரைச் சோதித்தார்கள். 33 பேரின் குடலில் ப்ரீவோட்டெல்லா கோப்ரி என்ற வகை இருந்தது. நோயில்லாத 28 பேரில் 6 பேருக்குத்தான். வீடியோக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் அரிசியும் கம்பும் பருப்பும் தின்று வளர்ந்த நம் ஊர்க் குடலில் ப்ரீவோட்டெல்லா குடும்பம் சர்வசாதாரணம். இந்தியர்களைச் சோதித்த ஆய்வுகளில் அதுவே முன்வரிசையில் நிற்கிறது. அது இருந்தாலே நோய் என்றால் சேலம் ஜில்லாவில் பாதிப்பேர் விரல் மடங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முடக்குவாதமோ நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பரம்பரைக் கூறு, புகை, பல் ஈறு நோய் என்று பலதும் சேர்ந்தால்தான் உடல் தன் புரதங்களையே எதிரியாகப் பார்க்கத் தொடங்கும். ஆன்டி-சிசிபி அதன் தடயம். மூட்டு வீங்குவதற்குச் சில வருஷம் முன்பே ரத்தத்தில் தென்படலாம்.

குடலுக்கு இதில் வேலை உண்டு. எதிர்ப்பு சக்தியில் அழற்சியை மூட்டிவிடும் டிஎச்-17 செல்களும் இருக்கின்றன, தெருச்சண்டையை விலக்கிவிடும் பெரியவர் மாதிரி ஒழுங்காற்று டி செல்களும் இருக்கின்றன. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட் இந்த இரண்டாவது வகை பெருக உதவுகிறது என்று எலிகளில் 2013-லேயே காட்டிவிட்டார்கள். ஆறிய சோற்றில் செரிக்காமல் தங்கும் மாவுச்சத்தும் அப்படிப் புளிக்கக்கூடியதுதான். ஆகவே பழைய சோறு தாராளமாகச் சாப்பிடட்டும். மூட்டு எலும்பு அரிக்கப்படுவதை அது தடுத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. கேப்சூல்களுக்கும் அதேதான், விலைதான் கூடுதல்.

எனக்கு வியப்பான விஷயம் வேறு. இதே நோய்க்குக் கொடுக்கும் சல்பாசலசீன் மாத்திரையைக் குடல் பாக்டீரியா உடைத்தால்தான் அது வேலையே செய்யும். மெத்தோட்ரெக்ஸேட் யாருக்குக் கேட்கும் என்பதைப் புதிய நோயாளிகளின் குடல் பாக்டீரியாவை வைத்தே ஓரளவு கணிக்க முடிந்தது என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. குடலா மாத்திரையா என்று மாமா கட்சி பிரிப்பது அர்த்தமில்லாதது.

மாத்திரை இல்லாமல் முதல் ஓரிரு வருஷத்தில் எலும்பு அரிக்கப்பட்டால் அது திரும்பி வளராது. கொலுசில் பொடிக்கண்ணியைக் கோக்கும் கைக்கு அந்த நஷ்டம் தாங்காது.

அம்மா ஏன் நிறுத்தினார் என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். வீடியோ சாக்காக இருக்கலாம். மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல் வந்து, சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். அதற்கு அளவை மாற்றலாம், ஊசியாகப் போடலாம், ஃபோலிக் அமிலம் சேர்க்கலாம். இன்னொன்று: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதிவையுங்கள்.