குமண மான்களும் ஊர் மக்களும்: கேள்வி பதில்

பொத்துவில் விவசாயி ஒருவர்: சேர், பெரும்போகத்தில் புள்ளிமான் வயல் வட்டைக்குள் இறங்குகிறது. குமண தேசிய பூங்காவில் மான் பெருகிவிட்டது என்கிறார்கள். கொஞ்சத்தைச் சுட்டுக் குறைத்தால் என்ன?

பதில்: தேசிய பூங்காவுக்குள் வேட்டையாடுவது குற்றம். 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் உங்கள் இழப்பும் உண்மைதான், அதனால் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பெருகிவிட்டதா என்பதை எண்ணாமல் யாரும் சொல்ல முடியாது. புள்ளிமான் திறந்த புல்வெளிக்குக் கூட்டமாக வரும். மாலையில் வில்லு எனப்படும் குளத்தின் கரையில் ஒரு கூட்டத்தைக் கண்டால் காடு முழுக்க மான் என்றே தோன்றும். மரை என்ற பெரிய மானோ பகலில் அடர்காட்டுக்குள் கிடக்கும், கண்ணில் படாது.

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் 5 நிமிடம் குரங்கு, மயில், மர அணில் எண்ணினோம் அல்லவா? பொதுமக்களையும் எண்ணவைக்கலாம் என்று அதில் தெரிந்தது. மானுக்கு ஒரே நாள் போதாது. வனஜீவராசிகள் உத்தியோகத்தர் துணையோடு ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், அதே பாதையில் விடியற்காலை நடக்க வேண்டும். கண்ட மான் எத்தனை, பாதையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது என்று எழுத வேண்டும். புழுக்கைக் குவியலையும் எண்ணலாம். சில வருடக் கணக்கு சேர்ந்த பிறகுதான் கூடுகிறதா, குறைகிறதா என்று பேச முடியும். இந்த வேலைக்குப் பாணமை, பொத்துவில் இளைஞர்களைப் பழக்க வேண்டும். காட்டை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கல்முனையிலிருந்து ஒரு ஆசிரியை: அமெரிக்காவில் மக்களைக் கேட்டே மான்களைக் குறைக்கிறார்களாமே?

பதில்: பல மாநிலங்களில் கூட்டம் வைத்து மக்கள் கருத்தைக் கேட்கிறார்கள், வேட்டைக்கு அளவும் வைக்கிறார்கள். அங்கே பெரும்பாலான இடங்களில் மானைப் பிடித்துத் தின்னும் ஓநாயை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். குமணயில் சிறுத்தையும் முதலையும் நரியும் இன்னும் இருக்கின்றன. துவக்கு நமக்கு வேண்டாம். கூட்டம் வைத்துக் கேட்பது கட்டாயம் வேண்டும், அதுவும் தமிழிலும் நடக்க வேண்டும்.

திருக்கோவில் வாசகர்: சாதாரண ஆட்கள் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கம்பிக் கண்ணி. பன்றிக்கு என்று கட்டுகிறார்கள், மானும் மரையும் சிறுத்தையும் மாட்டிச் சாகின்றன. கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வேட்டை இறைச்சியை வாங்காதீர்கள், வாங்க ஆள் இருக்கும்வரை கண்ணியும் இருக்கும். அப்புறம், உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் மானுக்குச் சோறு போட வேண்டாம், பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள். திருகோணமலைக் கோட்டை மான்கள் குப்பையில் மேய்வதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

மட்டக்களப்பு பட்டிக்காரர்: வயல் விதைத்ததும் மாட்டைக் காட்டோரம்தான் கொண்டுபோகிறோம். அது மானுக்குக் கெடுதலா?

பதில்: ஆம். இரண்டும் ஒரே புல்லைத் தின்கின்றன, மாட்டிலிருந்து மானுக்குக் கால்-வாய் நோயும் தொற்றலாம். ஆனால் மேய்ச்சல் தரையை ஒதுக்கித் தராமல் உங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பூங்காவை நிர்வகிக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது பட்டிக்காரரும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

அக்கரைப்பற்று மாணவி: அந்தத் திட்டத்தை நாங்கள் பார்க்க முடியுமா?

பதில்: 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். முதலில் மான் கணக்கெடுப்பு விவரத்தைக் கேளுங்கள்.