ஒரு பக்டீரியாவின் புரதத்தையே ஆயுள் முழுக்க ஆராய்வதில் அப்படி என்ன இருக்கிறது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன். கிளிநொச்சியில் உயிரியல் பிரிவில் உயர்தரம் படிக்கிறீர்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிர் இரசாயனம் போகலாமா, ஒரு பக்டீரியாவின் புரதத்தோடு வருசக்கணக்காக மினக்கெடுகிறவர்களுக்கு அதில் என்னதான் கிடைக்கிறது என்பது உங்கள் கேள்வி. நான் பரந்தன் ஆள், ஆய்வுகூடத்தில் சைற்றோகுரோம் புரதங்களோடு சில காலம் வேலை செய்தவன், இப்போது படிப்பிக்கிறேன். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் மருத்துவம் கிடைக்காததற்கு ஆறுதலாகப் போகாதீர்கள். ஏன் என்று சொல்ல ஒரு ஆளின் வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

டெரி மேயர் என்று ஒருவர், அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவர் மார்ட்டின் கேமனின் மாணவர். கேமன் 1940இல் சாமுவேல் ரூபனோடு சேர்ந்து காபன்-14ஐக் கண்டுபிடித்தவர். உலக யுத்த காலத்தில் சந்தேகத்தின் பேரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு பாஸ்போட்டும் மறுக்கப்பட்டு, கடைசியில் வழக்காடி வென்றவர் (அந்தக் கதை தனியாகவே எழுத வேண்டியது). கேமன் விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. சைற்றோகுரோம் என்றால் சுவாசத்துக்கான புரதம், ஒட்சிசனிடம் இலத்திரனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரிசையில் நிற்பது என்றுதான் அந்தக் காலத்தில் படித்தார்கள். அப்படியானால் ஒட்சிசனே இல்லாத இடத்தில் வெளிச்சத்தை வைத்து வாழும் ஊதா நிற பக்டீரியாவுக்குள் ஏன் அது இவ்வளவு கிடக்கிறது? விடை இன்றைக்கு நமக்குத் தெரியும். வெளிச்சம் பட்டதும் ஒளித்தொகுப்பு மையம் ஒரு இலத்திரனை இழக்கிறது, அது சவ்வுக்குள் ஒரு சுற்றுப் போய் வருகிறது, அதைத் திரும்பக் கொண்டுவந்து மையத்தின் வெற்றிடத்தை நிரப்புவது சைற்றோகுரோம் சி2. நம்முடைய இழைமணியில் இருக்கும் சைற்றோகுரோம் சிக்கு இது நெருங்கிய சொந்தம், 1970களில் எக்ஸ்-கதிரால் கட்டமைப்பைப் பார்த்தபோது இரண்டும் ஒரே மாதிரி மடிந்திருந்தன.

மேயர் செய்தது என்னவென்றால், இந்த பக்டீரியாக்களை இனம் இனமாக எடுத்து ஒவ்வொன்றிலும் இருக்கிற நிறமுள்ள புரதங்களையெல்லாம் பிரித்து, அளந்து, எழுதிவைத்தது. கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பெரிய போத்தல்களில் பல்ப் வெளிச்சத்தில் வளர்ந்த ஊதா நிறக் கரைசலைச் சுழற்றி, கலங்களை உடைத்து, குளிர் அறையில் பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் புரதங்கள் ஒவ்வொரு பட்டையாக இறங்கும். செம்மஞ்சளாக ஒன்று, மண்ணிறமாக ஒன்று. சைற்றோகுரோம் வந்த குழாயில், இலத்திரனைக் கொடுக்கும் டைதயோனைட்டுத் தூள் ஒரு சிட்டிகை போட்டதும் மங்கலான செம்மஞ்சள் நிறம் பளிச்சென்று ரோசாப் பூ நிறத்துக்கு மாறும், ஒளி உறிஞ்சும் வரைபடத்தில் 550 நானோமீற்றரில் கூரான உச்சி எழும்பும். ஒரு புரதம் இலத்திரனை வாங்குவதைக் கண்ணால் பார்ப்பது அதுதான். எனக்கு அது ஒருநாளும் அலுக்கவில்லை.

இப்படி ஒரிகன் மாநிலத்து உப்பு ஏரியிலிருந்து வந்த, கடலைவிடப் பல மடங்கு உப்பில் வாழும் ஒரு பக்டீரியாவை (இன்றைய பெயர் ஹேலோரோடோஸ்பைரா ஹேலோபிலா) பிரித்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் மஞ்சள் நிறப் புரதமும் வந்தது. தேடிப் போனது சைற்றோகுரோம்களையும் இரும்பு-கந்தகப் புரதங்களையும், இது அவற்றில் எதிலும் சேரவில்லை. இப்படி வரும் மிச்சங்களைப் பலர் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். மேயர் அதையும் அளந்து, 446 நானோமீற்றர் நீல வெளிச்சத்தை உறிஞ்சுகிறது என்று 1985இல் மற்றவற்றோடு சேர்த்து வெளியிட்டார். 1987இல் கியூசனோவிச், டோலின் ஆகியோருடன் அடுத்த செய்தி: நீல வெளிச்சம் ஒரு வெட்டு வெட்டினால் மஞ்சள் வெளுக்கிறது, கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்குள் தானாகத் திரும்பி வருகிறது. அதாவது இலத்திரன் கடத்திகளுக்கு நடுவே ஒரு ஒளி உணரி அகப்பட்டிருக்கிறது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1993இல் அந்த பக்டீரியா நீல வெளிச்சத்தைக் கண்டு விலகி நீந்துவதும், எந்த அலைநீளத்துக்கு விலகுகிறது என்பது இந்தப் புரதம் உறிஞ்சுவதோடு பொருந்துவதும் தெரியவந்தது. நிறத்தைத் தருவது கண்ணில் உள்ள ரெட்டினல் போன்ற ஒன்று என்றுதான் முதலில் எண்ணினார்கள், 1994இல் பார்த்தால் அது பரா-கூமாரிக் அமிலம், தாவரங்களில் சாதாரணமாகக் கிடைக்கிற பொருள். 1989இல் வெளியான முதல் கட்டமைப்பு பிழை. அதே குழு 1995இல் இன்னும் துல்லியமாகப் பார்த்துத் தாங்களே திருத்தி வெளியிட்டது, அதற்காகவே அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதன் மடிப்பு வடிவம் பாஸ் (PAS) என்ற ஒரு பெரிய புரதக் குடும்பத்துக்கே மாதிரியாகிவிட்டது, நம் உடம்பின் இரவு பகல் கடிகாரத்தில் வேலை செய்யும் பீரியட் புரதமும் அந்தக் குடும்பம்தான். ஸ்டான்போர்டில் உள்ள எக்ஸ்-கதிர் லேசரை வைத்து, வெளிச்சம் பட்ட கணத்தில் மூலக்கூறு எப்படித் திருகுகிறது என்று 2014இலும் 2016இலும் படம் படமாகப் பிடித்தார்கள். அதற்கும் எடுத்துக்கொண்டது இந்த 125 அமினோ அமிலப் புரதத்தைத்தான்.

எனவே 'என்ன கிடைக்கிறது' என்பதற்கு என் பதில்: அந்த மஞ்சள் குழாயைக் கீழே ஊற்றாமல் வைத்து அளக்கிற பழக்கம். அந்தப் பழக்கத்துக்குச் சம்பளம் குறைவு, பெயரும் பிந்தித்தான் வரும், சிலருக்கு வராமலே போகும். வீட்டில் 'பக்டீரியாவைப் படித்து என்ன வேலை' என்று கேட்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, நம் ஊரில் இதற்கென்று ஆய்வுகூட வேலைகள் குறைவு. மேலே படிக்க அநேகமாக வெளியே போக வேண்டும். நல்ல பக்கம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு உதவிப்பணத்தோடேயே மாணவர்களை எடுக்கும் இடங்கள் நிறைய. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் மனம் அங்கேயே நின்றால் போங்கள்.

மனம் நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஆனையிறவுப் பக்கம் உப்புநீர் தேங்கி வற்றும் ஓரத்தில் மேல் பொருக்கைக் கத்தியால் நெம்பி எடுத்துப் பாருங்கள், நான் எடுத்ததில் மேலே பச்சை, அதன்கீழ் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு, அதற்கும் கீழே கூழ்முட்டை மணத்தோடு கறுப்புச் சேறு. அந்த நடுக்கோடுதான் இந்த பக்டீரியாக்களின் வாழிடம், மேலிருந்து வெளிச்சமும் கீழிருந்து ஐதரசன் சல்பைட்டும் சந்திக்கும் இடம். அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்து, கிழித்த பேப்பரும் அவித்த முட்டை மஞ்சட்கருவும் கலந்து, கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, அந்த இடத்துத் தண்ணீரையே மேலே விட்டு யன்னலோரம் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். இதை 19ஆம் நூற்றாண்டில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் செய்து காட்டினார். சில கிழமைகளில் கண்ணாடியோரம் ஊதாத் திட்டுகள் வரும், எங்கே வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று கொப்பியில் எழுதிக்கொண்டே வாருங்கள். மூடியை மட்டும் இறுக்கிப் பூட்டாதீர்கள், உள்ளே வாயு சேரும்.